நனைந்தால் இறுகும் முடிச்சு

நான் படகு வாங்கிய கதையை எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். குடித்துவிட்டு வாங்கினேன் என்கிறான் ஒருவன். நான் குடிப்பதில்லை. பெண்டாட்டியைத் தண்ணீரில் தள்ளிக் கொல்லப் பார்த்தேன் என்று பால் கடையில் ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. அதுவும் பொய்தான். ஆனால் பொய் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல என்னால் முடியவில்லை. பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆரணியில் பட்டுச்சேலை நெய்கிறவன். வயது நாற்பத்தொன்பது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து எழுந்தால் முட்டி சத்தம் போடும். என் மனைவி தார் சுற்றுகிறாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூலைச் சுற்றுகிற வேலை அது. நான் நெய்ய நெய்ய அவள் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே அறையில் இருபத்தைந்து வருடமாக அவள் அங்கே, நான் இங்கே.

மூன்று வருடம் முன்பு சேலை கொடுக்கச் சென்னைக்குப் போனேன். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், நான்கு மணிக்கு வா என்றார்கள். அதுவரை எங்கே போவது. பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போய் வெயிலில் நின்றேன். கோபமாக இருந்தேன். நான் பெரும்பாலும் கோபமாகத்தான் இருப்பேன். அப்போது தூரத்தில் நாலைந்து சின்னப் படகுகள் போயின. எஞ்சின் சத்தம் இல்லை. துடுப்பு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கம்பமும் ஒரு துணியும் இருந்தன. துணிதான் படகை இழுத்துக்கொண்டு போனது. முப்பது வருடமாகத் துணி நெய்கிறேன். நான் நெய்த துணி மடிந்து அட்டைப் பெட்டிக்குள் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு துணி ஆளை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியாது. நான்கு மணிக்குக் கடைக்குப் போகவில்லை. ஐந்தரைக்குப் போனேன். திட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு போனில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் பேசுவது புரியாது. கையை மட்டும் பார்ப்பேன். எந்தக் கயிற்றை எப்போது இழுக்கிறான், எங்கே உட்காருகிறான், எப்போது தலையைக் குனிகிறான். இரண்டு வருடம் கழித்து ஒரு விளம்பரம் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவர் பழைய பாய்ப்படகை விற்கிறார். பத்தடிக்குக் கொஞ்சம் கூட, ஃபைபர். பாய், கம்பம், சுக்கான் எல்லாம் உண்டு. வீட்டில் சொல்லவில்லை. சேலை எடுத்துப் போகிற மினி லாரிக்காரனைப் பிடித்துக்கொண்டு போனேன்.

விற்றவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"எந்த ஊரு சார்?"

"ஆரணி."

"ஆரணியா? அங்க தண்ணி எங்க சார் இருக்கு?"

"ஏரி கீது."

சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லித்தர வேண்டியதை ஒழுங்காகத்தான் சொல்லித் தந்தார். கம்பத்தை எந்தக் குழியில் நிறுத்துவது, படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுப்பலகையை எப்படி இறக்குவது, சுக்கானை எப்படி மாட்டுவது. பாயின் அடிக்கட்டையிலிருந்து வருகிற கயிற்றை என் கையில் கொடுத்தார். இழுத்தால் பாய் இறுகும், விட்டால் தளரும்.

"இத மட்டும் எங்கயும் கட்டிராதீங்க சார். கையிலயே இருக்கணும். காத்து ஓங்கி அடிச்சா உடனே விட்டுரணும். பாய்ல இருக்கிற காத்து கொட்டிரும், படகு நிமிந்துரும். அவ்ளோதான் பாடம்."

தலையை ஆட்டினேன். கயிறு கட்டுவதைப் பற்றி எனக்கு இவர் சொல்கிறாரா என்றுதான் மனதுக்குள் ஓடியது.

படகு எங்கள் தெருவில் இறங்கியபோது ஆள் கூடிவிட்டது.

"இன்னாது இது, மாட்டுக்குத் தண்ணித் தொட்டியா?"

"மாடு எங்க வச்சிகினு கீறாரு, அவரே குளிக்கப் போறாரு."

"யோவ், கமண்டல நதில தண்ணி வர்ற வரைக்கும் இத வச்சிகினு இன்னா பண்ணுவ, நெல்லு கொட்டுவியா?"

என் மனைவி வாசல்படியில் நின்று பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். ராட்டை சுற்றுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குச் சுற்ற வேண்டிய நூல் காலையிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அவளுக்குத் தண்ணீர் ஆகாது. கலசப்பாக்கம் பக்கம் அவள் பிறந்த ஊர். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவள் அண்ணன் ஏரியில் போய்விட்டான். மதகுப் பக்கம் குளிக்க இறங்கியவன். அவனை மேலே எடுத்துப் போட்டதை அவள் பார்த்தாள். அதிலிருந்து குளத்துப் படியில்கூடக் கால் வைத்ததில்லை. கோயில் தெப்பத்துக்குக் கூப்பிட்டாலும் தெருவோடு நின்றுவிடுவாள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். மறந்து வாங்கினேன் என்று சொன்னால் அதுதான் பொய்.

மூன்றாம் நாள் சோறு போடும்போது பேசினாள்.

"நீங்க அதுல போயி செத்துட்டா, எனக்கு யாரு வந்து சொல்லுவாங்க?"

"நான் எதுக்குச் சாவறன்? எனக்கு நீச்சல் தெரியும்."

"எங்க அண்ணனுக்கும் தெரியும்."

நான் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னேன். "ஒரு வாட்டி நீ வந்து உக்காந்து பாரு. ஒரே ஒரு வாட்டி. வேணாம்னு நீ சொல்லிட்டா, மறுநாளே வித்துட்றன். தெருவுல அத்தினி பேரு மேலயும் சத்தியம்."

"தெருவு மேல இன்னாத்துக்கு? உங்க மேல பண்ணுங்க."

பண்ணினேன். அந்த ஒரு தடவையில்தான் என் படகு இருக்குமா போகுமா என்று ஆகிவிட்டது. அவளுக்கு அதைவிடப் பெரியது. முப்பத்தைந்து வருடமாகத் தொடாத தண்ணீரில் என்னை நம்பி இறங்க வேண்டும்.

தீபாவளிக்குப் பிறகு மழை நன்றாகப் பெய்தது. பெரணமல்லூர் போகிற பக்கம் ஓர் ஏரி நிரம்பிவிட்டது. அங்கே தெர்மாகோல் அட்டைகளைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பெரியவர். படகை ஏரிக்கரைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னது அவர்தான். நான் கம்பத்தை நிறுத்திப் பாயை ஏற்றியதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாபா, கல்யாணப் பந்தல இஸ்துகினு வந்துட்ட?"

முதல் நாளே அசிங்கப்பட்டேன். படகின் பின்பக்கம் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பழைய படகு, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே பிசின் வைத்து அடைத்துவிட்டேன். உள்ளே வருகிற தண்ணீரை வெளியே விடத்தான் அந்த ஓட்டை என்றும் அதற்கு ஒரு மூடி உண்டு என்றும் பிறகுதான் தெரிந்தது. மூடி சாமான் பைக்குள் இருந்தது. பிசினைச் சுரண்டி எடுக்க ஒரு மாலை முழுக்க ஆயிற்று. மீன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு பார்த்தார். உதவி செய்யவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

பிறகு தனியாக நாலைந்து தடவை போனேன். காற்று லேசாக இருந்தது. படகு நகர்ந்தது. துணி இழுத்தது. அது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது. தறியில் உட்கார்ந்திருக்கும்போது உடம்பில் ஒரு பக்கம் எப்போதும் வலிக்கும். அங்கே அந்த வலி என்னை விட்டுவிட்டு எங்கேயோ நின்றுகொண்டிருந்தது.

ஆனால் கை நோவு எடுத்தது. பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தால் விரல் மரத்துப்போகிறது. கயிறும் மோசம். பழைய நைலான், பிசிறு பிசிறாக விட்டுக்கொண்டு வந்தது. நான் இங்கேதான் தப்புப் பண்ணினேன். இந்தத் தப்பை வேறு யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள்தான் பண்ணுவார்கள்.

பாவு என்றால் சேலைக்கு நெட்டுவாக்கில் போகிற இழைகள். அதைத் தெருவில் நீளமாக நீட்டி, இரண்டு முனையிலும் முளை அடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுவோம். கொஞ்சம் தொய்வு விழுந்தாலும் இழைகள் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளும். அப்புறம் அந்தப் பாவு குப்பைதான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு முடிச்சு உண்டு. இரண்டு சுற்று சுற்றி, உள்ளே விட்டு, மேலே ஒரு மடி. இழுக்க இழுக்க இறுகும். நைலான் கயிறு வழுக்கும், அதற்கு ஆகாது. பருத்திக் கயிறுதான். கட்டி முடித்ததும் முடிச்சின்மேல் ஒரு கை தண்ணீர் தெளிப்போம். பருத்தி தண்ணீர் குடித்து உப்பும். முடிச்சு கல் மாதிரி ஆகிவிடும். வேலை முடிந்து வெயிலில் காய்ந்த பிறகுதான் அவிழ்ப்போம். பத்து வயதிலிருந்து நான் கட்டுகிற முடிச்சு.

நைலானைத் தூக்கிப்போட்டுவிட்டு, தறிக்கு வைத்திருந்த பருத்திக் கயிற்றை மாட்டினேன். படகின் நடுவில் ஒரு வளையம் இருந்தது. பாயை எனக்கு வேண்டிய அளவுக்கு இழுத்து அந்த வளையத்தில் நம் முடிச்சைப் போட்டேன். லேசான காற்றில் அருமையாகப் போயிற்று. கை சும்மா இருந்தது. சுக்கானை மட்டும் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். படகு விற்றவர் என்ன சொன்னார் என்பது நினைவுக்கு வந்தது. அரைக்கால் சட்டைக்காரனுக்கு முடிச்சுப் போடத் தெரியாது, அதனால் கையில் பிடித்துக்கொண்டு அலைகிறான் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அமாவாசை அன்று எங்களுக்குத் தறி ஓடாது. அன்றைக்குத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் ஏரிக்கரை ஏறும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மேற்கே மேகம் இருந்தது. அதை நான் பார்த்தேன். இன்று வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அவள் இன்னொரு நாள் வருவாளா என்று சந்தேகம். அதனால் சொல்லவில்லை.

படகோடு ஒரே ஒரு மிதவைச் சட்டைதான் வந்திருந்தது. அதை அவளுக்குப் போட்டு வார்களை இழுத்துக் கட்டினேன். புடவை மேல் ஆரஞ்சு நிறத்தில் உப்பிக்கொண்டு நின்றாள்.

மீன்காரர் தண்ணீரிலிருந்து கத்தினார். "இன்னாம்மா, அமாவாசையும் அதுவுமா இவர நம்பிகினு எறங்கறியா?"

"நம்பிலாம் எறங்கல, அண்ணா. ஒரு வாட்டி வரன்னு சொல்லிட்டன்."

அவளைத் தாழ்ந்து இருக்கிற பக்கம் உட்கார வைத்தேன். பாய் இருக்கிற பக்கம். தண்ணீர் அங்கே கைக்கு எட்டும், ஆனால் கீழே உட்கார்ந்தால் விழமாட்டாள் என்று என் புத்தி. நான் எதிர்ப்பக்கம் பின்னால் உட்கார்ந்தேன். கயிற்றை வளையத்தில் கட்டினேன். கட்டிய பழக்கத்தில், நான் செய்கிறேன் என்றே தெரியாமல், கையால் ஏரித் தண்ணீரை அள்ளி முடிச்சின்மேல் தெளித்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். "எதுக்கு?" என்றாள்.

"அவுராம இருக்க."

நடு ஏரிக்கு வந்தோம். அவள் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. கண்ணை மூடவில்லை. தண்ணீரையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி கீது?" என்றேன்.

"பேசாம ஓட்டுங்க."

"பயமா கீதா?"

"எத்தினி நேரம் இன்னும்?"

அப்போது மதகுப் பக்கம் தண்ணீர் நிறம் மாறியது. கறுப்பாக ஒரு பட்டை எங்களை நோக்கி ஓடி வந்தது. காற்று தண்ணீரை உரசிக்கொண்டு வருகிறது என்று எனக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. பாய் ஒரு தடவை அறைந்தது போல் சத்தம் போட்டது. படகு சாய்ந்தது. விட வேண்டும் என்று தெரிந்தது. கயிறு என் கையில் இல்லை. வளையத்தில் இருந்தது. பாய் காற்றைக் கொட்டவில்லை. அவள் பக்கம் விளிம்பு தண்ணீருக்குள் போனது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே முதுகுப்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தாள். அவள் மேல் பாய் விழுந்தது.

நானும் தண்ணீரில் விழுந்து மேலே வந்து படகைப் பிடித்தேன். அது ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. கம்பமும் பாயும் தண்ணீரின் மேல் தட்டையாகக் கிடந்தன. அவளைக் காணவில்லை. பாயின் நடுவில் ஒரு மேடு தெரிந்தது. துணிக்கு அடியில் உருண்டையாக. அது அவள் தலை. மிதவைச் சட்டை அவளை மேலே தள்ளுகிறது. நனைந்த துணி மேலே போகவிடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே முங்கி வெளியே வரவும் அந்தச் சட்டை விடாது. அவள் உயிருக்கென்று நான் கட்டிவிட்ட சட்டை.

கயிற்றை அவிழ்த்தால் பாய் தளரும், தூக்கிவிடலாம் என்று முடிச்சுக்குப் போனேன். நகம் உள்ளே இறங்கவில்லை. பல்லால் கடித்தேன். நான் தெளித்த தண்ணீரும் ஏரித் தண்ணீரும் குடித்து அது கல்லாகியிருந்தது. நாற்பது வருடமாக அது அவிழாது என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அது அவிழவில்லை.

மீன்காரர் தெர்மாகோலைக் கையால் தள்ளிக்கொண்டே வந்தார். "யோவ், கயிற வுடு. ஆளப் புடி. ஆளப் புடிய்யா ஜல்தி."

கேட்டது. நன்றாகக் கேட்டது. என் கை முடிச்சை விட்டு வரவில்லை. இதைத்தான் பால் கடையில் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் தலை எனக்கு ஐந்தடியில் இருந்தது. நீந்திப் போய்த் துணியைத் தூக்கியிருக்கலாம். அந்த முடிச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் கட்டியதை நானே அவிழ்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல.

மேடு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. அங்கும் இங்கும் அடித்துக்கொள்ளவில்லை. ஒரே கோட்டில், கம்பத்துக்கு எதிர்ப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பாயின் ஓரத்தில் நாலு விரல் வெளியே வந்தது. பிறகு தலை வந்தது. மூச்சு இழுத்த சத்தம் ஏரி முழுக்கக் கேட்டது. மீன்காரர் அவள் தோள் வாரைப் பிடித்துத் தெர்மாகோல் மேல் சாய்த்தார்.

இருமி முடித்ததும் அவள் கேட்டாள். "அண்ணா, அவரு எங்க?"

நான் இன்னும் முடிச்சில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சண்டை இல்லை. சோறு போட்டாள், தார் சுற்றினாள். குச்சிகளைக் கையில் கொடுக்காமல் தறிப்பலகை மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் மறுநாளே ஏரிக்குப் போய் முடிச்சைப் பிளேடால் அறுத்தேன். படகைப் போட்டோ எடுத்து விற்பனைக்குப் போட்டேன். சத்தியம் சத்தியம்தான். அவள் வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஒரு வாரம் கழித்து ஒருவர் போன் செய்தார். படகைப் பார்க்க வருகிறேன் என்றார். நான் பேசிக்கொண்டிருப்பதை அவள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்ததும் கேட்டாள்.

"யாரு?"

"படகு வாங்கறவரு. நாயித்துக்கிழம வராரு."

"வராதீங்கன்னு சொல்லிடு."

நீ என்று அவள் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கை ராட்டையிலேயே இருந்தது. நூல் ஓடிக்கொண்டே இருந்தது.

"வித்துட்டு நீ நல்லவனாட்டம் உக்காந்துகினு இருப்ப. பொண்டாட்டிக்கோசரம் வித்துட்டன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிவ. எனக்கு அது வாணாம். கத்துகினு ஒழுங்கா ஓட்டு."

எனக்குக் கோபம்தான் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. "உள்ள மாட்டிகினயே, எப்பிடி வெளிய வந்த?" என்று கேட்டேன். அத்தனை நாளும் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"துணிதானே? துணிக்கு ஓரம் இல்லாம இருக்குமா? கண்ண மூடிகினு தடவனன். தையல் ஒண்ணு கெடச்சுது. தையல் போயி ஓரத்துலதான் முடியும். ஒரு கைய மாத்தி ஒரு கை வச்சி அதையே புடிச்சிகினு வந்தன்." ராட்டையை நிறுத்தினாள். "நீ எப்ப வருவ, எப்ப வருவன்னுதான் மொதல்ல பாத்தன். அப்பறம் பாக்கல."

எழுந்து உள்ளே போய் அந்தப் பழைய நைலான் கயிற்றைக் கொண்டுவந்தாள். நான் தூக்கிப்போட்டதை எடுத்து வைத்திருந்திருக்கிறாள். பிசிறு எல்லாம் நெருப்பில் காட்டித் தீய்த்திருந்தது. ஒரு முனையை என் கையில் வைத்தாள்.

"புடி."

பிடித்தேன். வெடுக்கென்று இழுத்தாள். என் கை தானாக இறுகியது. கயிறு நகரவில்லை.

"செத்தன்" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான். காபி குடிக்கும்போது கயிற்று முனையை மடியில் போடுவாள். பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். எப்போது இழுப்பாள் என்று தெரியாது. இழுத்தால் விட வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சுலபம். என் கைக்குத் தெரிந்ததெல்லாம், இழுத்தால் பிடிக்க வேண்டும் என்பதுதான். இழை அறுந்தால் பிடி, பாவு தொய்ந்தால் இழு. ஒவ்வொரு தடவையும் இறுக்கிவிடுவேன். அவள் சிரிக்காமல் சொல்லுவாள், "செத்தன்." செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது இழுப்பாள். "செத்தன்." தெருக்காரன் ஒருவன் கூலி விஷயம் பேச வந்து உட்கார்ந்திருந்தபோது அவன் எதிரிலேயே இழுத்தாள். "செத்தன்" என்று சொல்லிவிட்டு அவனுக்குக் காபி கலக்கப் போனாள். அவன் என்னைப் பார்த்தான். நான் விளக்கம் சொல்லவில்லை. பால் கடைக் கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

ஒரு நாள் கத்திவிட்டேன். "இன்னா சும்மா சும்மா செத்தன் செத்தன்னுகினு. பேஜாரா கீது."

"எனக்கும்தான்" என்றாள். "கைய தொற. பேஜாரு தீந்துடும்."

தார் சுற்றும்போது அவள் கையை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக எதிரில் இருக்கிற கை. நூல் இரண்டு விரலுக்கு நடுவில் ஓடுகிறது. எங்காவது சிக்கினால் அந்த விரல்கள் இறுகுவதில்லை, தளர்கின்றன. இறுக்கினால் பட்டு அறுந்துவிடும். எங்கள் வீட்டிலேயே விடத் தெரிந்த கை ஒன்று இருந்திருக்கிறது. நான் அதை வேலையாகவே நினைத்ததில்லை.

தை மாதத்தில் மறுபடி ஏரிக்குப் போனோம். நான் கூப்பிடவில்லை. அமாவாசைக்கு முதல் நாளே சொல்லிவிட்டாள். இன்னொரு மிதவைச் சட்டை வாங்கியிருந்தேன். கயிறு நைலான். நடுவில் இருந்த வளையத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டாள். அவளே திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்க் கழற்றியது.

"ஏறி உக்கார்ற பக்கம் எது?" என்று மீன்காரரிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

"காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம்மா" என்றார். "நானே அன்னிக்குச் சொல்லியிருப்பன். இவரு கேக்கற ஆளு மாதிரி தெரியல."

நடு ஏரிக்குப் போனோம். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து விளிம்பைப் பிடித்திருந்தாள். விரல் அன்றைக்குப் போலவே வெளுத்திருந்தது. பயம் போய்விட்டது என்று நான் எழுதப் போவதில்லை. போகவில்லை. எனக்கும் வந்திருந்தது. என் உள்ளங்கை வேர்த்துக் கயிறு ஈரமாக இருந்தது.

மதகுப் பக்கம் தண்ணீர் கறுத்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். அவள் என் கையை மட்டும் பார்த்தாள். பட்டை வந்தது. பாய் அறைந்தது. படகு சாய ஆரம்பித்தது. கயிறு வெடுக்கென்று இழுத்தது, அவள் இழுத்தது போலவே. அவள் வாய் பாதி திறந்துவிட்டது.

என் கை விட்டது. நான் விடவில்லை, கை விட்டது. கயிறு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றைக் கொட்டியது. படகு நிமிர்ந்தது. ஆடியது. நடு ஏரியில் சும்மா நின்றது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பாய் படபடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தெர்மாகோல்காரர் தூரத்தில் எழுந்து நிற்கப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"ம்" என்றாள். "இழுங்க. நின்னுகினு கீது."